அம்சத்தின் தொண்டை

கொத்தங்கரை தெற்குத் தெருவில் அம்சத்தின் தொண்டைக்கு வைத்தியம் சொல்லாத ஆள் பாக்கியில்லை. சித்தரத்தையைக் கடைவாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னார்கள். மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப்போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தார்கள். ஒரே நாளில் மூன்று வீட்டிலிருந்து தூதுவளை ரசம் வந்ததும் உண்டு. ஒருத்தி நாகூர் தர்காவுக்கு வேண்டிக்கொண்டு போய் சர்க்கரை கொண்டுவந்தாள். அம்சம் எல்லாவற்றையும் வாங்கி முகம் சுளிக்காமல் விழுங்கினாள். தன் தொண்டைக்கு ஒன்றுமே இல்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

தெரு அவ்வளவு கவலைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு அந்தப் பக்கத்தில் அம்சத்தின் தொண்டைதான் மைக் செட். கோஷம் போட நூறு பேர் இருக்கலாம். எடுத்துக் கொடுக்க ஒரு குரல் வேண்டுமே. அம்சம் எடுத்துக் கொடுத்தால் ஊர்வலத்தின் வால் வரைக்கும் கேட்கும், வாய்க்காலுக்கு அக்கரையில் மாடு மேய்ப்பவனுக்கும் கேட்கும். அறுபத்தேழில் சென்னையில் ஆட்சி மாறிய பிறகு கூலிக்குச் சட்டம் வந்தது, குடியிருப்புக்குச் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் சென்னையிலிருந்து புறப்பட்டுக் கொத்தங்கரைக்கு நடந்தேதான் வரவேண்டியிருந்தது. அதைக் கையைப் பிடித்து இழுத்துவருகிற வேலையில் பாதி அம்சத்தினுடையது. சங்கத்துச் செயலாளர் பஞ்சநாதன், மன்னார்குடியில் சைக்கிள் கடை வைத்திருந்தவன், எழுதிக்கொண்டு வருகிற கோஷங்களை அவள் வாங்கி நாக்கில் ஒரு தடவை உருட்டிப் பார்ப்பாள். நீளமாக இருந்தால் நறுக்கிவிடுவாள். அவள் நறுக்கியதுதான் நிற்கும்.

அந்தக் குரல் நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது.

நடந்தது இதுதான். அம்சத்தின் நாலாவது பெண் பிறக்கும்போது தலை பெரிதாக இருந்து இரண்டு பகல் வலி எடுத்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அது போதும் என்றிருந்தது. ஆனால் அதற்குப் பிறகு தும்மினால் கொஞ்சம் நனையும். கதிர்க்கட்டைத் தலைக்கு ஏற்றும்போது நனையும். பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று அவளே சமாதானம் செய்துகொண்டாள். வருஷம் போகப் போக அது கூடியது. அறுபத்தொன்பதாம் வருஷம் ஐப்பசியில் மன்னார்குடி ஊர்வலத்தில் மூன்றாவது கோஷத்தை அடிவயிற்றிலிருந்து எடுத்தபோது, தொடை வழியாகச் சூடாக இறங்கிப் பாதம் வரைக்கும் ஓடியது. நல்லவேளை, தூறல் பிடித்துக்கொண்டது. எல்லோர் புடவையும் நனைந்ததில் அவள் புடவை தனியாகத் தெரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பஞ்சநாதனுக்குச் சொல்லியனுப்பினாள், தொண்டை கட்டிவிட்டது என்று. அந்தத் தொண்டை அப்புறம் திறக்கவேயில்லை.

பொய் ஒன்று சொன்னால் அதற்கேற்ப உடம்பையும் வளைக்க வேண்டியிருக்கிறது. அவள் உரக்கப் பேசுவதை விட்டாள். பழம்புடவையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டாள். அதைத் துவைத்து யார் கண்ணிலும் படாமல் காயவைப்பதே ஒரு வேலையாகிவிட்டது. வெயிலில் நடவு நட்டாலும் தண்ணீர் குடிக்கமாட்டாள். நடவில் வரிசையின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வாள். கல்யாண வீடுகளுக்குப் போவதில்லை, யாராவது சிரிக்கவைத்துவிட்டால் என்ன செய்வது? புருஷன் அய்யாவுக்குப் பக்கத்தில் படுத்திருந்தவள் பாயைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். குழந்தைக்குக் காற்று வேண்டும் என்று காரணம் சொன்னாள். அடுப்படியில் ஏது காற்று? அய்யாவு ஒன்றும் கேட்கவில்லை. அவன் அப்படிப்பட்ட ஆள். கேட்காமலே நான்கு நாள் யோசிப்பான், பிறகு அதையும் சொல்லமாட்டான்.

எழுபத்திரண்டில் வேறொரு பேச்சு கிளம்பியது. தெற்குத் தெருவின் முப்பத்திரண்டு குடிசையும் மிராசுதார் வைத்தியலிங்கத்தின் மண்ணில் நின்றன. குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று சட்டம் சொன்னது. மிராசு தரப்போ அது மனை இல்லை, களத்து மேடு என்று மனு போட்டிருந்தது. இந்த நேரத்தில் போய் அம்சத்தின் வாய் அடைத்துக் கிடந்தால் ஊர் சும்மா இருக்குமா? டீக்கடை ராசு ஒருநாள் கல்லாவில் உட்கார்ந்தபடி, அது கட்டிய தொண்டை இல்லை, மிராசு பணம் கட்டிப்போட்ட தொண்டை என்று சொன்னான். அய்யாவு அப்போது கடையில் இருந்தான். வீட்டுக்கு வரும்போது சட்டையில் ஒரு கை இல்லை. மாடு முட்டிவிட்டது என்றான். மாடு எது என்று அம்சத்துக்கு மறுநாள் கைப்பம்பில் தெரிந்தது. அன்றைக்குத் தண்ணீர்க் குடத்தோடு அப்படியே நின்று அழுதாள். அழும்போதும் நனைந்தது.

அந்த வருஷம் புரட்டாசி முடிவில்தான் மீன்காரி நாகம்மாள் குறுக்கே வந்தாள். நாகப்பட்டினத்துக் கரையிலிருந்து முதல் பஸ்ஸில் கூடையோடு வந்திறங்கி ஐந்தாறு ஊர் நடந்து விற்றுப்போகிறவள். ஐம்பது வயது இருக்கும், நல்ல உயரம். அம்சத்தின் வாசலில் நின்று மத்திக்குப் பேரம் நடந்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டில் யாரோ மிளகாய் வறுத்தார்கள். காரம் காற்றில் ஏறி வந்தது. நாகம்மாள் தலையில் கூடையோடு நிமிர்ந்து நின்றபடி நாலு தும்மல் தும்மினாள். அம்சத்துக்கும் தும்மல் வந்தது. அவள் சட்டென்று ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டு, இடுப்பை மடக்கி, மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

நாகம்மாள் கூடையை இறக்கி வைத்தாள். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"எத்தினி வருசமா?" என்றாள் மெதுவாக.

என்னது என்று கேட்க அம்சம் வாயெடுத்தாள். நாகம்மாள் விடவில்லை.

"எங்கிட்ட மறைக்காத. அந்தக் கால் பின்னலைப் பதினோரு வருசம் போட்டவ நான். மீன்கூடை தண்ணி ஒழுகுதுன்னு ஊரு நினைச்சுக்கும், எனக்கு அது ஒரு வசதி. உனக்கு என்ன இருக்கு மறைக்க?"

அம்சம் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். இப்படி ஒன்று தன்னைத் தவிர இன்னொருத்திக்கு உண்டு என்பதே அவளுக்குப் புதிது. நாகம்மாள் தன் கதையைச் சொன்னாள். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அருள்மேரி என்று ஒரு அம்மா இருப்பதையும், போன வருஷம் தனக்கு அடிவயிற்றில் கீறித் தைத்ததையும், இப்போது கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடக்கூட முடிகிறது என்பதையும் சொன்னாள். நம்பமாட்டாள் என்று நினைத்தோ என்னவோ, எழுந்து நின்று, தெரு நாய் மிரளும்படி மூன்று தடவை இருமிக் காட்டினாள். பிறகு மத்தியை அவள் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டுப் போனாள்.

ஐப்பசி பிறந்ததும் அம்சம் தொண்டையைக் காட்டிவருகிறேன் என்று சொல்லித் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினாள். தொண்டை என்றதும் பஞ்சநாதனே பஸ் நிற்குமிடம் வரை வந்து இடம் பிடித்துக் கொடுத்தான்.

டாக்டர் அருள்மேரி தரங்கம்பாடிப் பக்கத்துக்காரர், நாற்பத்தைந்து வயது, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசுகிறவர். என்ன செய்கிறது என்று கேட்டார். அம்சம் தரையைப் பார்த்தாள். டாக்டர் காத்திருக்கவில்லை. இருமினால் போகிறதா, சுமை தூக்கினால் போகிறதா, அவசரமாக வந்து அடக்கமுடியாமல் போகிறதா, தூக்கத்தில் போகிறதா என்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போனார். இருமினால், தூக்கினால், கத்தினால் என்றாள் அம்சம். மற்றதெல்லாம் இல்லை. நீரைச் சோதித்துப் பார்த்து, சர்க்கரையும் இல்லை, சீழும் இல்லை என்று தெரிந்த பிறகு அவளைப் படுக்கவைத்து இருமச் சொன்னார். அவள் தயங்கினாள். நனைந்துவிடும் என்றாள். "நனையட்டும், அதைப் பாக்கத்தானே நான் இருக்கேன்" என்றார் டாக்டர். இருமினாள். நனைந்தது. பிறகு டாக்டர் உள்ளே இரண்டு விரலால் எதையோ மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடியும் இருமச் சொன்னார். இந்தத் தடவை ஒரு சொட்டுக்கூட வரவில்லை. அம்சம் தலையைத் தூக்கி டாக்டரைப் பார்த்தாள்.

கையைக் கழுவிவிட்டு வந்து டாக்டர் விளக்கினார். நாலு பிள்ளை சுமந்து பெற்றதில் நீர்ப்பையின் கழுத்தைத் தாங்குகிற சதை தொய்ந்துவிட்டது. வயிற்றில் அழுத்தம் வந்தால் கழுத்து கீழே இறங்கித் திறந்துகொள்கிறது. அம்சத்துக்கு உடனே புரிந்தது. மதகுப் பலகை நன்றாகத்தான் இருக்கிறது, அது உட்கார்ந்திருக்கிற மண் இறங்கிவிட்டது, அதனால் பெருக்கு வந்தால் அடியில் கசிகிறது. அப்படிச் சொன்னதும் டாக்டர், இனிமேல் மாணவர்களுக்கும் இதையே சொல்லிவிடுகிறேன் என்றார்.

ஆனால் உடனே கத்தியை எடுக்கவில்லை. ஒண்ணுக்குப் போகும்போது நடுவில் நிறுத்துவதற்கு எந்தச் சதையை இறுக்குவாயோ, அதையே சும்மா இருக்கும்போது இறுக்கி இறுக்கி விடு, ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதம் செய் என்று அனுப்பினார். சிலருக்கு அதிலேயே சரியாகிவிடும் என்றார். அம்சம் சம்பாப் பயிரில் களை எடுக்கும்போதும், அடுப்பு ஊதும்போதும், சங்கக் கூட்டத்தில் வாய்மூடி உட்கார்ந்திருக்கும்போதும் இறுக்கினாள். தும்மலுக்குக் கொஞ்சம் கேட்டது. சுமைக்கும் சத்தத்துக்கும் கேட்கவில்லை. தை மாதம் போனபோது டாக்டர் சோதித்துப் பார்த்து, இனி தைக்கலாம் என்றார். பத்துப் பேருக்குச் செய்தால் எட்டுப் பேருக்கு மேல் நல்லபடியாகிவிடுகிறது, ஒன்றிரண்டு பேருக்கு முழுசாகத் தீர்வதில்லை, அதையும் தெரிந்துகொண்டுதான் வரவேண்டும் என்று சொன்னார். வரும்போது புருஷனைக் கூட்டிவா, கையெழுத்து வேண்டும் என்றார்.

ஆபரேஷனைவிட அந்தக் கையெழுத்துதான் அம்சத்துக்குப் பயமாக இருந்தது. இரண்டு நாள் தள்ளிப்போட்டாள். மூன்றாம் நாள் அறுப்பு முடிந்த வயலின் வரப்பில் அய்யாவு கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, வைக்கோலைப் பார்த்தபடியே முழுவதையும் சொன்னாள். மன்னார்குடித் தூறலிலிருந்து டாக்டரின் இரண்டு விரல் வரைக்கும். அய்யாவு தூக்குவாளியைக் கீழே வைத்தான்.

"அப்ப, எம்மேல கோவம் இல்லியா?" என்றான்.

"என்ன கோவம்?"

"பாயைத் தூக்கிட்டுப் போனியே. அந்த வருசம் உங்க அண்ணன் வந்தப்ப நான் சரியா மொகங்குடுத்துப் பேசல. அதான்னு நெனச்சேன். மூணு வருசமா உங்க அண்ணனைப் பாக்கிறப்பல்லாம் நான் விழுந்து விழுந்து உபசாரம் பண்றேன்."

அம்சத்துக்கு எல்லாம் விளங்கியது. அண்ணனுக்கு வேட்டி, அண்ணனுக்குக் கோழி, அண்ணன் வீட்டுக் கூரை மாற்ற இவன் போய் நான்கு நாள் கிடந்தது. சிரிப்பு வந்தது. வழக்கம்போல அடக்கினாள், கால் தானாகவே பின்னிக்கொண்டது. அதை அய்யாவு பார்த்தான். இதற்கு முன் அவன் அதை நூறு தடவை பார்த்திருப்பான். இன்றைக்குத்தான் என்னவென்று தெரிந்து பார்த்தான்.

"நீ சிரி," என்றான். "வயக்காடுதானே. இங்க யாரு பாக்கப்போறா?"

மாசி மாதம் இரண்டாவது வாரம் ஆபரேஷன். முதுகில் ஒரு ஊசி போட்டார்கள், இடுப்புக்குக் கீழே யாரோ உடம்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனதுபோல இருந்தது. அடிவயிற்றில், மயிர்க்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, குறுக்காகக் கீறி, நீர்ப்பையின் கழுத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள சதையைத் தையல் போட்டு மேலே இழுத்து, இடுப்பெலும்புக்குப் பின்னால் இருக்கிற கெட்டியான நாரில் கட்டினார்கள். அம்சம் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். டாக்டர் அருள்மேரி, "ரொம்ப இறுக்கக் கூடாது, அப்புறம் இந்தம்மாவுக்குப் போகவே போகாது" என்று பக்கத்தில் நின்ற சின்ன டாக்டரிடம் சொன்னது கேட்டது. நாற்றுக்கட்டும் அப்படித்தான், இறுக்கிக் கட்டினால் அழுகிப்போகும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஐந்து நாள் ரப்பர் குழாய் வழியாக நீர் பாட்டில் ஒன்றில் இறங்கியது. ஆறாம் நாள் குழாயை எடுத்தார்கள். இனி தானே போகவேண்டும். மத்தியானம் வரைக்கும் முயன்று பார்த்தாள். மூன்று வருஷம் கேட்காமலே போனது, இப்போது கெஞ்சினாலும் வரவில்லை. வயிறு கல்லாகிவிட்டது. அய்யாவு வராந்தாவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். சாயங்காலம் மறுபடியும் குழாயைச் செருகினார்கள். அம்சம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். டாக்டர் வந்து படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார். இது சிலருக்கு நடப்பதுதான், உள்ளே வீக்கம் வடியவேண்டும், இரண்டு நாள் பொறு என்றார்.

எட்டாம் நாள் காலையில் குழாயை எடுத்த நேரத்துக்கு நாகம்மாள் பார்க்க வந்தாள், மீன்கூடை இல்லாமல், நல்ல புடவை கட்டிக்கொண்டு. தனக்கும் இப்படி ஆயிற்று என்று சொல்லி, அம்சத்தைக் குளியலறையில் உட்காரவைத்து, வெளியே நின்று ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு உயரத் தூக்கித் தூக்கித் தண்ணீர் ஊற்றினாள். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயும் ஒரு சத்தம் கேட்டது. நாகம்மாள் ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். வார்டில் இருந்த பெண்கள் எல்லோரும் காது கொடுத்தார்கள். அம்சம் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது கல்யாணப் பெண்ணைப் பார்க்கிற மாதிரி எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

அன்றைக்கு மத்தியானம்தான் பஞ்சநாதனும் சங்கத்து ஆட்கள் மூன்று பேரும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். வார்டு வாசலிலேயே நின்று, தொண்டை ஆபரேஷன் செய்த அம்மா எந்தப் படுக்கை என்று பஞ்சநாதன் கேட்டான். ஆயா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"தொண்டையா? தம்பி, இந்த வார்டுல நாங்க அவ்வளவு மேல வரைக்கும் போறதில்ல" என்றாள்.

முதலில் சிரித்தது நாகம்மாள். அடுத்த படுக்கைக்காரி சிரித்தாள். அம்சம் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள், தையல் இழுத்தது, வலியில் உயிர் போயிற்று, ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை. மூன்று வருஷச் சிரிப்பு அது. கண்ணிலிருந்து நீர் கொட்டியது. சிரித்து ஓய்ந்த பிறகு போர்வைக்குள் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. மறுபடியும் தடவிப் பார்த்தாள். படுக்கை, புடவை, எல்லாம் காய்ந்த வைக்கோலாக இருந்தன. பஞ்சநாதன் ஒன்றும் புரியாமல் ஆரஞ்சுப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஊருக்கு வந்து நானே சொல்கிறேன் தம்பி என்று அவனை அனுப்பிவைத்தாள்.

சொல்லவும் செய்தாள். பங்குனியில், கைப்பம்படியில், தெருப் பெண்கள் குடத்தோடு நின்றபோது. தொண்டை இல்லை, இது என்று சொன்னாள். எங்கே கீறினார்கள், எதை எங்கே கட்டினார்கள், ரப்பர் குழாய், குவளைத் தண்ணீர், எதையும் விடவில்லை. பம்பு அடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். அம்சத்துக்கு முகம் சூடானது. சொன்னது தப்போ என்று திரும்பி நடந்தாள். வீட்டு வாசலை எட்டுமுன் பின்னால் ஒருத்தி ஓடிவந்தாள். எதிர் வீட்டுக்காரி. எந்த பஸ்ஸில் போகவேண்டும் என்று கேட்டாள். சாயங்காலம் இரண்டு பேர் வந்தார்கள். அந்த வாரத்துக்குள் ஏழு பேர் ஆயிற்று. ஏழாவதாக வந்தது டீக்கடை ராசுவின் அம்மா. அதற்குப் பிறகு ராசுவின் கடையில் அய்யாவுக்கு வருகிற டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தது.

மூன்று மாதம் சுமை தூக்கக் கூடாது, குனிந்து நாற்று நடக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். ஆகவே கொத்தங்கரையில் அதுவரை யாரும் பார்த்திராத காட்சி நடந்தது. அய்யாவு இடுப்பில் குடம் வைத்துத் தண்ணீர் தூக்கினான். ஆம்பிளை இடுப்பில் குடம் நிற்காது என்று பெண்கள் சொல்லிக்கொடுத்தார்கள். நின்றது. அடுப்படியில் கிடந்த பாயும் பழைய இடத்துக்கு வந்தது.

ஆனி மாதம் தாலுகா ஆபீசில் ஜமாபந்தி. வருஷத்துக்கு ஒருமுறை மேலதிகாரி வந்து கிராமக் கணக்குகளைப் பார்த்து மனுக்களை விசாரிக்கிற நாள். தெற்குத் தெரு இன்னும் அடங்கல் என்கிற நிலக் கணக்கில் களம் என்றுதான் இருந்தது, மனையை அளக்கச் சர்வேயரின் சங்கிலி அந்தப் பக்கம் வரவேயில்லை. அம்சம் அதற்கு முந்தின வாரம் சோதனைக்குப் போனபோது டாக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், கத்தலாமா என்று. டாக்டர் அவளை நிற்கவைத்து, வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கவைத்து, அரை மணி கழித்து இருமவைத்தார், குதிக்கவைத்தார். பிறகு, "கத்தும்மா" என்றார்.

ஜமாபந்தி அன்றைக்குக் காலையிலேயே மூன்று செம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அம்சம் கிளம்பினாள். தாலுகா ஆபீஸ் வாசலில் இருநூறு பேர் கூடியிருந்தார்கள். பஞ்சநாதன் வழக்கம்போல நீளமாக ஒன்றை எழுதிக்கொண்டு வந்திருந்தான். அவள் வாங்கிப் படித்து நறுக்கினாள். முன்னால் போய் நின்றாள். வயிற்றிலிருந்து மூச்சை எடுக்கும்போது பழைய பயம் ஒரு நொடி காலைப் பின்னப் பார்த்தது. அவள் வேண்டுமென்றே இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டாள்.

"சட்டம் வந்து ரெண்டு வருசம்! சங்கிலி வரல எங்க தெருவுக்கு!"

இருநூறு பேரும் திருப்பிச் சொல்வதற்குப் பதிலாக ஒரு கணம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். மூன்று வருஷம் கேட்காத குரல் அல்லவா. அப்புறம் பெண்கள் பக்கத்திலிருந்து குலவை எழும்பியது. அதற்குப் பிறகு கோஷம். அவள் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள், அரை மணி, முக்கால் மணி. அதிகாரி விசாரணையை நிறுத்திவிட்டு வராந்தாவுக்கு வந்தார். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியைக் கூப்பிட்டு, களத்து மேட்டில் எத்தனை வருஷமாகக் குடியிருக்கிறீர்கள் என்று கேட்டார். அவள் சொன்னாள். களம் என்றால் அங்கே நெல் அடிக்கவேண்டும், எங்கள் தெருவில் பிள்ளைகள்தான் பிறந்திருக்கின்றன, வேண்டுமானால் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்கிறேன் என்றாள். அவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. எட்டு நாளில் சர்வேயர் வந்து அளக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார்.

எட்டு என்றால் பன்னிரண்டு நாள் ஆயிற்று. ஆனால் சங்கிலி வந்தது. தெற்குத் தெருவில் முப்பத்திரண்டு மனைக்கும் கல் நட்டார்கள். வைத்தியலிங்கம் மேல்முறையீடு செய்தார். அது வேறு கதை, அடுத்த தை வரைக்கும் இழுத்து, கடைசியில் பட்டா தெருவுக்குத்தான் வந்தது.

நடுவில் ஆடி மாதம் ஒருநாள், காவிரித் தண்ணீர் வாய்க்காலில் புதிதாக ஓடிக்கொண்டிருந்தபோது, மிராசு வீட்டுச் சௌந்தரநாயகி கரையோரமாகத் தனியாக நடந்து வந்தாள். வைத்தியலிங்கத்தின் மனைவி. அந்த வீட்டுப் பெண்கள் தெற்குத் தெருப் பக்கம் கால் வைப்பதில்லை. அம்சம் புடவை அலசிக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றாள். பட்டா விஷயமாகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, பேச்சை முந்திக்கொண்டாள்.

"ஆச்சி, மனை விசயத்துல நான் ஒண்ணும் விட்டுக்குடுக்க மாட்டேங்க."

"அதை யாரு கேட்டா உன்னை?" என்றாள் சௌந்தரநாயகி. குரல் தாழ்ந்தது. "அந்த டாக்டரம்மா எந்தெந்தக் கிழமை பாப்பாங்க? அதச் சொல்லு."

அம்சம் அவளைப் பார்த்தாள். பட்டுக்கரைப் புடவை, வைரத் தோடு, கோயிலுக்குக்கூட மூடு வண்டியில் போகிற வழக்கம். பல வருஷமாக இந்த அம்மாள் எந்த விசேஷத்திலும் நீண்ட நேரம் உட்காராததையும், கர்வம் பிடித்தவள் என்று ஊர் அதற்குப் பேர் வைத்திருந்ததையும் நினைத்தாள். செவ்வாயும் வெள்ளியும் என்றாள். தனியாகப் போனால் வழி தெரியாது, நான் வருகிறேன் என்றும் சொன்னாள்.

ஐப்பசியில் சௌந்தரநாயகிக்கு ஆபரேஷன் நடந்தது. வைத்தியலிங்கம் கையெழுத்துப் போட வந்திருந்தார். அம்சம் வார்டுக்குள் படுக்கையை விரித்துவிட்டு வாசல் வழியாகப் பார்த்தபோது தியேட்டருக்கு வெளியே ஒரே பெஞ்சில் இந்தக் கோடியில் மிராசும் அந்தக் கோடியில் அய்யாவும் உட்கார்ந்திருந்தார்கள். கோர்ட்டில் எதிரெதிராக நின்றுவிட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மிராசின் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அய்யாவு அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனாகவே பேச்சைத் தொடங்கினான், அவன் வாழ்க்கையிலேயே அப்படி நடந்தது குறைவு.

"பயப்படாதீங்க ஐயா. ஆறாம் நாளு குழாயை எடுப்பாங்க. ஒடனே போகலைன்னாலும் பதறக் கூடாது. ஒரு குவளையில தண்ணி எடுத்துக்கிட்டு வெளியில நின்னு ஊத்தணும். அதை எப்படி ஊத்தணும்னு நான் சொல்லித்தர்றேன்."

வைத்தியலிங்கம் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, கவனமாகக் கேட்டுக்கொண்டார்.